ரிகவரி: ‘தேறுதல்’, ‘தேறுகாலம்’ சரியாக வருமா?

ஆட்டத்துக்கோ பயிற்சிக்கோ பிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதை விளையாட்டில் ரிகவரி என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறேன்.

> ‘ஓய்வு’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கால்பந்து அணிகள் ஆட்டத்துக்கு மறுநாள் படுத்தே கிடப்பதில்லை. மெதுவாக ஓடுவார்கள், சைக்கிள் மிதிப்பார்கள், நீச்சல் குளத்தில் இறங்குவார்கள். இதை ஆக்டிவ் ரிகவரி என்கிறார்கள். ஓய்வு என்று வைத்தால் இதை எப்படிச் சொல்வது?

மீட்பு என்றால் தீயணைப்பு வண்டிதான் கண்முன் வருகிறது. மீட்சி பொருளாதாரச் செய்திகளில் நிலைத்துவிட்டது. எனக்குப் பிடித்தது தேறுதல். ‘தொடை தேறிடுச்சா?’ என்று மைதானத்தில் இயல்பாகக் கேட்கலாம். ‘தொடை மீட்சியடைந்ததா?’ என்று யாரும் கேட்கப் போவதில்லை.

> தேறுதல் நோயாளிக்கு உரிய சொல். ஆட்டக்காரர் நோயாளி இல்லையே?

நோயாளி இல்லைதான். ஆனால் அடிபட்ட உடம்பு அது. ரக்பியில் ஆளோடு ஆள் மோதி விழும்போது தசை நார்கள் நுண்ணிய அளவில் கிழிகின்றன. கிரியேட்டின் கைனேஸ் என்ற நொதி தசையிலிருந்து கசிந்து ரத்தத்தில் ஏறுகிறது. வலி உச்சத்துக்கு வருவது அன்று இரவு அல்ல, ஓரிரு நாள் கழித்து. கால்பந்தில் சிக்கல் வேறு. நடுக்கள வீரர் ஒரு ஆட்டத்தில் 10 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறார். தசையில் எரிபொருளாகச் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து வற்றிவிடுகிறது. நன்றாகச் சாப்பிட்டாலும் அது நிரம்ப இரண்டு மூன்று நாள் ஆகலாம். கபடியில் ஒரு ரெய்டு 30 விநாடிதான். ஆனால் முழங்காலும் கணுக்காலும் படும் பாடு தனி. ரக்பியில் கிழிந்ததைச் சரிசெய்வது, கால்பந்தில் வற்றியதை நிரப்புவது. இரண்டுக்கும் ‘தேறுதல்’ பொருந்துகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ‘பையன் தேறிட்டான்’ என்றால் முன்பைவிட மேலே வந்துவிட்டான் என்றும் பொருள். பயிற்சிக்குப் பின் போதிய அவகாசம் கொடுத்தால் உடம்பு பழைய நிலையைத் தாண்டிக் கொஞ்சம் வலுக்கிறது என்பதுதானே பயிற்சி அறிவியலின் அடிப்படை. அந்தப் பொருள் ஓய்விலும் இல்லை, மீட்சியிலும் இல்லை.

அப்புறம், ‘தேறுகாலம்’ வேறு, ‘ஆட்ட இடைவெளி’ வேறு என்று பிரித்து வைக்க வேண்டும் என்பது என் வலுவான கருத்து. முன்னது உடம்பு கேட்பது, பின்னது அட்டவணை கொடுப்பது. 2015 ரக்பி உலகக் கோப்பையில் ஜப்பான் செப்டம்பர் 19 அன்று தென்னாப்பிரிக்காவை 34-32 என்று வீழ்த்தியது. 23ஆம் தேதியே ஸ்காட்லாந்தோடு ஆட வேண்டியிருந்தது. ஸ்காட்லாந்துக்கோ அது முதல் ஆட்டம். இடைவேளையில் 12-7 என்று பின்தங்கியும் ஒட்டி நின்ற ஜப்பான், கடைசியில் 45-10 என்று தோற்றது. தோல்விக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் நடுவில் மூன்றே நாள் கொடுத்தது அநியாயம். 2023 உலகக் கோப்பையில் எல்லா அணிகளுக்கும் குறைந்தது 5 நாள் ஓய்வு என்று மாற்றினார்கள். அந்த 5 நாள் ஆட்ட இடைவெளிதான். அதற்குள் உடம்பு தேறுமா என்பது ஆளுக்கு ஆள் மாறும்.

ஆக்டிவ் ரிகவரிக்கு ‘தேறுபயிற்சி’ என்று வைக்கலாம் என்று நினைக்கிறேன். லோட், அதாவது ஆட்டமும் பயிற்சியும் உடம்பின் மேல் ஏற்றும் அழுத்தம், அதற்குத்தான் முடிவுக்கு வர முடியவில்லை. ‘பளு’ என்றால் பளுதூக்குதல் குறுக்கே வருகிறது, ‘சுமை’ மூட்டையை நினைவூட்டுகிறது. ‘ஆட்டப்பளு’ என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் தீருமா? உடற்கல்வி ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.