ஏ.ஐ. வந்த பிறகு உங்கள் தொழிலில் நடந்த, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் (திருகோணமலை)

உவர்மலை ஐயா:
நான் கல்வெட்டு, அதாவது செத்தவர் நினைவாக அச்சடிக்கிற பாட்டுப் புத்தகம், எழுதிக் கொடுக்கிறவன். முப்பத்தோராம் நாள் நெருங்கி, அச்சகம் அவசரப்படுத்தும்போதுதான் வழக்கமாகச் சனம் ஓடி வரும். போன மாதம் வந்தவர்கள் எழுதித் தரச் சொல்லிக் கேட்கவே இல்லை. மகன் கனடாவிலிருந்து சாட்ஜிபிடியில் எடுத்து அனுப்பியிருந்தான். "பிழை மட்டும் பாருங்கோ ஐயா" என்று தாளை நீட்டினார்கள்.

புலம்பல் பகுதி ஓசையோடுதான் இருந்தது. ஆனால் "வரப்போரம் நடந்த பாதங்கள்" என்று ஒரு வரி. மனிசன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர். வரப்பு எங்கே, அவர் எங்கே! வெட்டுவதற்குப் பேனையை வைத்ததும் அவருடைய மனைவி என் கையைப் பிடித்துவிட்டார். "அதை எடுக்காதேங்கோ. அதை வாசிக்கேக்கதான் எனக்கு அழுகை வந்தது." விட்டுவிட்டேன்.

செத்த ஆண்டையும் திதியையும் சொல்லுகிற திதி வெண்பாவை மட்டும் விடவில்லை. விசுவாவசு ஆண்டு என்று போட்டது சரி. ஆனால் அபரபக்கத்தில், அதாவது தேய்பிறையில், செத்தவருக்குப் பூர்வபக்கம், வளர்பிறை என்று இருந்தது. தளை தட்டினால்கூடப் போகட்டும். இனி வருசா வருசம் திவசத்துக்கு நாள் பார்க்கப் பிள்ளைகள் புரட்டப்போவது அந்த நாலு வரியைத்தானே? புதிதாக எழுதிக் கொடுத்தேன். பிழை பார்க்க என்ன கூலி என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஸ்டூடியோ தம்பி:
ஐயா, அழுகை வந்தால் போதும் என்று அந்த வரியை விட்டிருக்கக் கூடாது. பேரப்பிள்ளைகள் தாத்தா கமம் செய்தவர் என்றுதான் நினைக்கப்போகுதுகள்.

என் கதை சுனாமியில் போன ஒரு பையனின் படம். சல்லி ஊர்ப் பக்கத்து அம்மா ஒருவர், தண்ணீர் பட்டு ஊறிய போட்டோவைப் பேத்தி போன் செயலியில் போட்டு எடுத்த பிரதியோடு வந்தார். முகம் சோப்பு விளம்பரம் மாதிரிப் பளபளவென்று இருந்தது. பிரேம் போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். "தம்பி, இவன்ர புருவ வெட்டைக் காணேல்ல, போட்டுத் தாறீங்களா" என்றார். சின்னதில் கிணற்றுக்கட்டில் விழுந்த தழும்பாம். பழைய படத்தில் அது மங்கலாகத் தெரிந்தது. செயலி அதையும் அழுக்கு என்று துடைத்துவிட்டது. நான் மவுசால் வரைய வரைய, பின்னால் நின்று "இன்னும் கொஞ்சம் மேல... இவ்வளவு நீளம் இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

நிலாவெளி டிஜிட்டல்:
தம்பி, இது ஏ.ஐ.யின் குற்றம் இல்லை, பாவிக்கத் தெரியாத குற்றம். 2025 மார்ச்சில் எல்லாரும் தங்கள் படத்தை ஜப்பான் கார்ட்டூன் மாதிரி மாற்றிக் கிப்லிப் படம் போட்டபோது என் மருமகனுக்கு ஒரு கையில் ஆறு விரல் வந்தது, சிரித்துவிட்டு விட்டோம். பழைய படம் அப்படி இல்லை. எல்லாரும் குறித்து வையுங்கள். போனால் படத்தைப் படம் எடுக்க வேண்டாம், ஸ்கேனரில் வையுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளிக்கு (டிபிஐ) குறையக் கூடாது. ஜேபெக் கோப்பு வேண்டாம், தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமியுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்த்து எடுக்காதீர்கள், கண்ணாடியோடு ஸ்கேன் பண்ணுங்கள். கறை, கீறல், மடிப்பு இவற்றுக்கு மட்டும் ஏ.ஐ.யை விடுங்கள். முகத்தைத் தெளிவாக்கும் பொத்தானை அமத்தவே கூடாது. அது உங்கள் ஆளின் முகத்தை மீட்டெடுப்பதில்லை. ஆயிரக்கணக்கான வேறு முகங்களில் பழகியதை வைத்து, மங்கிய இடத்தில் ஒரு முகத்தை ஊகித்து வரைகிறது. மச்சம், தழும்பு, தெற்றுப்பல் எல்லாம் அதில்தான் போகும். மூலப் படத்தை எந்தக் காரணத்துக்காகவும் எறியாதீர்கள். பிரேம் கடைகளிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். இன்னும் சொல்லலாம், பிறகு தனிப் பதிவாகப் போடுகிறேன்.

ஸ்டூடியோ தம்பி:
அண்ணை, ஸ்கேனர் என்னிடமும் இருக்கிறது. செயலியில் போட்டது பேத்தி.

குரல் அக்கா:
கடை விளம்பரங்களுக்கு வாசிக்கிறவள் நான். தீபாவளிக்கு முதல் கிழமை மீன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். ஸ்பீக்கர் கட்டின ஓட்டோ ஒன்று போகிறது. மலிவு விற்பனை, 20% கழிவு. மீன்காரர் தராசைக் கையில் பிடித்தபடி, "அக்கா, உங்கட சத்தம் றோட்டால போகுது, நீங்க இங்க நிக்கிறீங்க" என்றார். அதை நான் வாசிக்கவே இல்லை. பழைய பதிவுகளைக் கொடுத்து யாரோ செய்திருக்கிறார்கள். எனக்கு இழுப்பு உண்டு, நீள வசனம் வந்தால் நடுவில் எங்காவது மூச்சு எடுத்துத்தான் போவேன். அந்தக் குரல் முழு விளம்பரத்திலும் மூச்சே எடுக்கவில்லை. அதைக் கேட்டு எனக்குத்தான் மூச்சு முட்டியது.

இசைப்பிரியன்:
அக்கா கோவிக்கக் கூடாது. ஏ.ஆர். ரகுமானே செத்துப்போன பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரலை ஒரு பாட்டில் ஏ.ஐ.யால் கொண்டுவந்தார்தானே? காலத்தோடு போகத்தான் வேண்டும்.

உள்துறைமுக வீதி:
அரைவாசியை மட்டும் சொல்லாதீர்கள். 2024 ஜனவரியில் அந்தப் பாட்டு வந்தபோது, இரண்டு குடும்பத்திடமும் அனுமதி வாங்கிச் சன்மானமும் கொடுத்ததாக ரகுமானே எழுதினார். இங்கே உயிரோடு இருக்கிற மனிசியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹொலிவூட் நடிகர்கள் 2023இல் 118 நாள் வேலைநிறுத்தம் செய்து, தங்கள் ஏ.ஐ. நகலைப் பாவிக்கச் சம்மதமும் கூலியும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத வைத்தார்கள். ஓட்டோ விளம்பரத்துக்கு வாசிக்கிறவர்களுக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

நான் பத்திரிகைகளுக்குப் படம் அனுப்புகிறவன், எனக்கு நடந்தது தலைகீழ். 2025 நவம்பர், டித்வா புயல் மழை. பட்டினத்தில் பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் புள்ளிமான் ஏறி நிற்கிறது, கீழே தண்ணீர், பின்னால் "இன்று ரொக்கம் நாளை கடன்" பலகை. எங்கள் ஊரில் மான் றோட்டில் திரிவது உங்களுக்குத் தெரியும். வெளியூரானுக்குத் தெரியுமா? போட்ட உடனே "ஏ.ஐ. படம், மானுக்கு மூன்று கால்தான்" என்று ஒருவன். நாலாவது கால் தண்ணீருக்குள். கமராவின் மூலக் கோப்பை ஆசிரியர் பீடத்துக்கு அனுப்பினேன். "நம்புறம் தம்பி, ஆனா வாசகர் நம்பாது" என்று வேறு படம் போட்டார்கள். வெள்ளத்தில் யானை குழந்தையைத் தூக்கிப் போகிற ஏ.ஐ. வீடியோவை அன்றைக்கே என் பெரியம்மா எனக்கு அனுப்பி, "நீ ஏன் இப்படி எடுக்கிறேல்ல" என்று கேட்டார்.

உவர்மலை ஐயா:
பலகையில் எழுத்துப் பிழை இல்லாமல் இருந்ததாக்கும், அதுதான் சந்தேகப்பட்டிருக்கிறார்கள்.

ஸ்டூடியோ தம்பி:
குரல் அக்கா, கடைக்காரரிடம் காசு கேட்டீங்களா?

குரல் அக்கா:
கேட்டேன். "உங்கட குரல்தான், ஆனா நீங்க வாசிக்கேல்லையே அக்கா" என்றார். நான் உண்மையாகவே வாசித்துக் கொடுத்த போன வருச விளம்பரத்துக்கும் இன்னும் பாக்கி இருக்கிறது.