பிளானில் உள்ள அளவை மாற்றலாமா, கூடாதா?

செந்தூல்காரன்:
வணக்கம். கோலாலம்பூர் செந்தூலில் ஒரு பழைய தரைவீட்டில் இருக்கிறேன். கார் நிறுத்தும் இடம்தான் என் பட்டறை. போன வருடம் ஓர் அமெரிக்க பிளானை விலைக்கு வாங்கி, ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை ஒன்றைச் செய்தேன். மரம் மெராந்தி. தீபாவளிக்கு மேசை தயார். தைப்பூசம் வருவதற்குள் மேல்பலகை நடுவில் வெடித்துவிட்டது. 50 காசு நாணயம் உள்ளே இறங்குகிறது.

அளவிலும் அடி வாங்கினேன். அந்த பிளானில் 2க்கு 6 என்று போட்டிருந்த பலகை உண்மையில் ஒன்றரை அங்குலத்துக்கு ஐந்தரை அங்குலமாம். அங்கே கடையில் இழைத்து விற்பதால் அந்த அளவு. இங்கே நான் வாங்கிய 2க்கு 6, இழைத்த பிறகும் ஐந்தே முக்கால் இருந்தது. ஆறு பலகை சேர்த்தால் 33 அங்குலம் வர வேண்டிய இடத்தில் 34½ வந்தது. மேல்பலகையின் இரு முனையிலும் குறுக்கே வைக்க, பிளானைப் பார்த்து முன்கூட்டியே அறுத்து வைத்த இரண்டு ஓரப்பலகையும் குட்டையாகிப் போய் வீண்.

அதனால் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. வேறு ஊர் மரத்துக்கும் வேறு ஊர் வெயிலுக்கும் வரைந்த பிளானை இங்கே அப்படியே செய்யக் கூடாது. எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். என் மாமா நேர் எதிராகச் சொல்கிறார்: வரைந்தவன் தெரியாமலா வரைந்தான், ஓர் அங்குலம்கூட மாற்றாதே என்கிறார். அடுத்து அம்மாவுக்கு ஒரு பெஞ்சும், வீட்டுக்கு ஒரு புத்தக அலமாரியும் செய்யப் போகிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இழைப்புளி:
தம்பி, நான் புக்கிட் மெர்தாஜாம். 30 வருடத்துக்கு மேல் தளவாடத் தொழிற்சாலையில் இருந்துவிட்டு இப்போது வீட்டில் உளி பிடிக்கிறேன். உங்கள் மாமா பக்கம்தான் நான். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள். மேல்பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு எப்படிப் பிணைத்தீர்கள்? இரண்டு முனையிலும் குறுக்கே வரும் ஓரப்பலகைக்குப் பசை எவ்வளவு தூரம் போட்டீர்கள்?

செந்தூல்காரன்:
ஐயா, ஸ்க்ரூ போட்டு நேராக இறுக்கினேன். பிளானில் சின்ன இரும்புக் கவ்விகளும் நீளவாக்கில் துளையும் சொல்லியிருந்தார்கள். கவ்வி எந்த ஹார்ட்வேர் கடையிலும் கிடைக்கவில்லை, ஸ்க்ரூவே பலம் என்று நினைத்தேன். ஓரப்பலகைக்கு நடுவில் மட்டும் பசை போடச் சொல்லியிருந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை, முழு நீளத்துக்கும் போட்டேன்.

இழைப்புளி:
அப்படியென்றால் வெடித்தது பிளான் இல்லை தம்பி, நீங்கள் மாற்றிய இடம்.

மரம் நீளத்தில் அநேகமாகச் சுருங்காது. அகலத்தில்தான் சுருங்கும். ஈரம் 4 சதவீதம் இறங்கினால் அகலத்தில் ஏறக்குறைய 1 சதவீதம் போகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. உங்கள் பலகை 34½ அங்குலம், அதாவது 876 மில்லிமீட்டர். 4 சதவீதம் இறங்கினாலே 9 மில்லிமீட்டர் குறைய வேண்டும். குறுக்கே வைத்த ஓரப்பலகையோ அதன் நீளத்தில் குறையாது. இரண்டையும் முழுக்க ஒட்டிவிட்டால் பலகை எங்கே போகும்? பலவீனமான இடம் பார்த்து வெடிக்கும். நடுவில் மட்டும் பசை, நீளத்துளை, கவ்வி எல்லாமே பலகை நகர்வதற்கு விட்ட வழி. அதை நீங்கள் அடைத்துவிட்டீர்கள்.

வேறு ஊர் வெயில் என்கிறீர்களே, அதையும் பேசிவிடுவோம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் அமெரிக்க வீட்டில் மரத்தின் ஈரம் 6, 8 சதவீதம் வரை இறங்கும், கோடையில் மீண்டும் ஏறும். நம் ஊரில் வருடம் முழுவதும் காற்று ஈரமாகவே இருக்கிறது. வெளியே வைத்த மரம் 15ஐ ஒட்டி நிற்கும். அசைவு அவர்களுக்குத்தான் அதிகம். அந்த அசைவைத் தாங்கும்படி வரைந்த பிளான் இங்கே தாராளமாகத் தாங்கும். உங்கள் வீட்டில் நடந்தது வேறு. கடையில் வாங்கிய மெராந்தி பச்சை மரமாக இருந்திருக்கும். சூளையில் உலர்த்தியதா என்று கேட்டீர்களா?

செந்தூல்காரன்:
கேட்கவில்லை ஐயா. மூன்று வாரம் சுவரில் சாய்த்து வைத்தேன், காய்ந்திருக்கும் என்று நம்பினேன். சாப்பாட்டு அறையில் இரவு முழுவதும் ஏர்கோன் வேறு ஓடும். பிணைப்பு விஷயத்தில் தப்பு என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவு விஷயத்தில் விட மாட்டேன். பெஞ்ச் பிளானில் உட்காரும் உயரம் 18 அங்குலம். அம்மா 4 அடி 10. அந்த உயரத்தில் அவர் கால் தரையில் பதியாமல் தொங்குகிறது. அதையும் அப்படியே செய்யச் சொல்கிறீர்களா?

ஜெலுத்தோங் அக்கா:
நல்ல கேள்வி தம்பி. நான் பினாங்கிலிருந்து. உங்கள் பக்கம் ஒரு ஓட்டு.

நான் சாமி மேடை செய்த கதையைச் சொல்கிறேன். எந்த அமெரிக்க பிளானிலும் சாமி மேடை கிடையாது. சுவரில் மாட்டும் சமையலறை அலமாரி பிளான் ஒன்றை எடுத்தேன். கதவைக் கழற்றினேன், மேல்தட்டை உயர்த்தினேன், கீழ்த்தட்டை முன்பக்கம் நாலு அங்குலம் நீட்டினேன். குத்துவிளக்கு அந்த நீட்டிய பகுதியில் நிற்கிறது. சுடருக்கு மேலே தட்டே இல்லை. எண்ணெய் சொட்டி மரத்தில் ஊறக் கூடாது என்று கிரானைட் துண்டு ஒன்றை வெட்டிப் பதித்தேன். இதெல்லாம் பிளான் வரைந்தவருக்கு எப்படித் தெரியும்? என் வீட்டில் விளக்கு எரியும் என்று எனக்குத்தானே தெரியும்?

மரமும் நானே மாற்றினேன். பைன் கேட்டிருந்தது, நான் பால்மரப் பலகை, அதாவது ரப்பர் மரப் பலகை வாங்கினேன். துண்டுகளை விரல் கோத்ததுபோல் இணைத்து ஒட்டிய பலகை. பாட்டி கெடா பக்கம் தோட்டத்தில் பால் வெட்டியவர். பால் வற்றிய மரத்தை 25, 30 வருடத்தில் சாய்த்து மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் அது அடுப்புக்குத்தான் போகும் என்று அம்மா சொல்வார். அந்த மரத்தில் சாமிக்கு மேடை செய்தபோது எனக்குக் கண் கலங்கியது. இதை எந்த பிளானும் தராது ஐயா.

இழைப்புளி:
அம்மா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எழுதாமல் உட்கார்ந்திருந்தேன். என் அப்பாவும் தோட்டத்து ஆள்தான்.

பால்மரம் பற்றி மற்றவர்களுக்காக ஒன்று. அந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். வெட்டிச் சில நாள் சும்மா கிடந்தாலே நீலம் பூக்கும், வண்டு துளைத்து உளுத்துப் போகும். ஆலையில் உடனே போரான் மருந்து ஏற்றி உலர்த்துவதால்தான் இன்று அது தளவாட மரமாக நிற்கிறது. மருந்து ஏற்றாத பால்மரக் கட்டையை மலிவாகக் கிடைக்கிறதே என்று யாரும் வாங்காதீர்கள். மருந்து ஏற்றியதும் வீட்டுக்குள்தான், மழை படும் இடத்தில் வேண்டாம்.

சரி, உயரம். அதில் தம்பி சொல்வது நியாயம். ஆளுக்கு ஏற்ற உயரம் வேண்டும். என் பிடிவாதம் வேறு இடத்தில். மரத்தை அறுக்கும்போது மாற்றாதீர்கள், தாளில் மாற்றுங்கள். காலை ரெண்டு அங்குலம் குறைத்தால் குறுக்குச் சட்டம் எங்கே வரும், குதிகாலுக்கு இடம் இருக்கிறதா, மேசையின் கீழ்ச்சட்டத்துக்கும் தொடைக்கும் நடுவே எவ்வளவு என்று எல்லாம் சேர்ந்து மாறும். ஒன்றைத் தொட்டால் ஐந்து அசையும்.

பதினாறாவது மாடி:
குறுக்கே வருவதற்கு மன்னியுங்கள். நான் செராஸில் கொண்டோவில் இருக்கிறேன். உங்கள் இரண்டு கட்சியிலும் நான் இல்லை. இந்தச் சண்டை முழுவதும் அசல் மரத்தை எடுத்ததால் வந்தது. பிளைவுட் எடுங்கள், சுருக்கமும் இல்லை வெடிப்பும் இல்லை. மெல்லிய மர ஏடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டியிருப்பதால் அது அகலத்தில் நகர்வது மிகக் குறைவு.

எங்கள் குடியிருப்பில் சத்தம் போடும் நேரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. ஞாயிற்றுக்கிழமை துளை போடவே முடியாது. அதனால் 4க்கு 8 அடி ஷீட்டைக் கடையிலேயே அளவுக்கு அறுத்து வாங்கிவருகிறேன். வீட்டில் கைத்துளைப்பானும் உப்புத்தாளும் போதும். கட்டில், துணி அலமாரி, மகளின் படிப்பு மேசை எல்லாம் அப்படித்தான். பிளான் அளவை மாற்றுவதும் எளிது, கம்ப்யூட்டரில் நம்பரைத் தட்டினால் ஆச்சு. எதற்கு இவ்வளவு பயம்?

இழைப்புளி:
நம்பரைத் தட்டுவதில்தான் எனக்குப் பயமே. பிளைவுட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த பிளான்களில் முக்கால் அங்குலக் காடி, அதாவது பலகையைச் செருக 19 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் போடச் சொல்லியிருக்கும். நீங்கள் வாங்கும் 18 மில்லி ஷீட்டை அதில் செருகினால் லொடலொடவென்று ஆடும். வாங்கிய பலகையைக் கையில் வைத்து அளந்துவிட்டுத்தான் காடி.

பதினாறாவது மாடி:
அது உண்மைதான். என் முதல் அலமாரி அதனால்தான் ஆடியது. இப்போது காடியே போடுவதில்லை, பசையும் ஸ்க்ரூவும்தான். ஆனாலும் என் கேள்வி நிற்கிறது. செந்தூல் தம்பி புத்தக அலமாரி செய்யப் போகிறாரே, அதை சுவருக்குத் தகுந்தபடி அகலமாக்கினால் என்ன கெட்டுவிடும்?

செந்தூல்காரன்:
நானும் அதைத்தான் கேட்க இருந்தேன். பிளானில் தட்டின் நீளம் 24 அங்குலம். என் சுவருக்கு 36 வேண்டும். அதே 18 மில்லி பலகையில் செய்துவிடலாம் என்று இருக்கிறேன்.

இழைப்புளி:
இதற்காகத்தான் நான் இங்கே எழுதவே வந்தேன். கவனமாகக் கேளுங்கள்.

தட்டு நீளம் ஒன்றரை மடங்கு ஆகிறது. புத்தகத்தை வரிசையாக முழுக்க அடுக்கினால் அது நடுவில் தொய்வது ஒன்றரை மடங்கு ஆகாது. நாலு ஒன்றரையை ஒன்றோடொன்று பெருக்குங்கள்: ஏறக்குறைய ஐந்து மடங்கு. 24 அங்குலத்தில் கண்ணுக்குத் தெரியாத 1 மில்லி தொய்வு 36 அங்குலத்தில் 5 மில்லி. போதாததற்கு, மரம் வருடக்கணக்கில் பாரம் சுமந்தால் இன்னும் தொய்ந்துகொண்டே போகும்.

தடிமனைக் கூட்டலாம். தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. உங்கள் ஐந்து மடங்கைச் சரிக்கட்ட 18 மில்லியை 31 ஆக்க வேண்டும். காசும் கனமும் ஏறும். அதைவிட நடுவில் ஒரு நிற்கும் பலகை வையுங்கள். ஒவ்வொரு தட்டும் 18 அங்குலமாகிவிடும். தொய்வு பிளானில் இருந்ததைவிட மூன்றில் ஒரு பங்காகக் குறையும். சுவர் அளவும் கிடைத்தது, பலமும் கிடைத்தது. மாற்றம் என்றால் இப்படி. நம்பரைத் தட்டி நீட்டுவது மாற்றம் இல்லை.

ஜெலுத்தோங் அக்கா:
ஐயா, இதைக் கேட்டதும் என் மேடையின் நீட்டிய தட்டைப் போய்த் தடவிப் பார்த்தேன். நாலு அங்குலம்தான் என்பதால் தப்பித்திருக்கிறது. ஆனாலும் நீங்கள் ஆரம்பத்தில் மாமா பக்கம் என்றீர்கள். இப்போது நடுவில் பலகையையே சேர்க்கச் சொல்கிறீர்கள். கட்சி மாறிவிட்டீர்களே!

இழைப்புளி:
மாறவில்லை அம்மா. பிணைப்பைத் தொடாதே, ஏன் என்று தெரியும்வரை எதையும் தொடாதே என்பதுதான் என் கட்சி. தொழிற்சாலைக்கு வந்த புதுப்பையன்களிடம் முதல் மூன்று நாற்காலியை வரைபடத்தின்படி மட்டுமே செய்யச் சொல்வேன். நாலாவதில் அவர்களே எங்கே மாற்றலாம் என்று சொல்வார்கள். உங்கள் கட்சியில் எனக்கு இன்னும் உடன்பாடு இல்லாத இடம், வீட்டுத் தேவை தெரிந்தால் போதும் என்பது. போதாது. விளக்கு எரியும் என்று உங்களுக்குத் தெரிந்தது. அதோடு எண்ணெய் மரத்தில் ஊறும் என்றும் தெரிந்ததால்தான் மேடை நன்றாக வந்தது.

ஜெலுத்தோங் அக்கா:
அதில் எனக்கு முழு சம்மதம் இல்லை ஐயா. எண்ணெய் ஊறும் என்பதை நான் தெரிந்துகொண்டது பழைய மேடை பாழானதால்தான். செய்து கெடுத்துத்தான் கற்றேன். மூன்று நாற்காலியை அப்படியே செய்துவிட்டுக் கற்க எனக்குப் பொறுமையும் இல்லை, வீட்டில் இடமும் இல்லை. வீட்டில் செய்கிறவர்கள் பலருக்கும் அப்படித்தான்.

பதினாறாவது மாடி:
நானும் அக்கா பக்கம். மூன்று நாற்காலியை எங்கே வைப்பேன்?

செந்தூல்காரன்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு தாளில் மீண்டும் வரைந்தேன். அலமாரிக்கு நடுப்பலகை சேர்த்தாயிற்று. பெஞ்சுக்கு உட்காரும் உயரம் 16 அங்குலம். அம்மாவை 18 அங்குல ஸ்டூல் ஒன்றில் உட்காரவைத்து, காலடியில் பலகைத் துண்டுகளை அடுக்கிப் பாதம் முழுக்கப் பதியும்வரை பார்த்தேன். ரெண்டு அங்குலம் வந்தது, அதைக் கழித்தேன். பலகை கடையில் ஈரம் அளக்கும் மீட்டர் வைத்துப் பார்த்தேன். ஞாதோ மரம், 14 சதவீதம். குறுக்குச் சட்டம் பிளானில் உள்ளபடி தரையிலிருந்து 5 அங்குலம்.

இழைப்புளி:
உட்காரும் உயரத்தை ரெண்டு அங்குலம் இறக்கினீர்கள், நல்லது. ஆனால் காலின் மேல்முனையை அறுத்தீர்களா, கீழ்முனையையா? துளைக்குள் இறங்கும் நாக்கு, அதாவது கழுந்து, மேலேதானே இருக்கிறது. அப்புறம், உயரம் குறைந்தால் அம்மா எழும்போது பாதத்தைப் பின்னால் இழுத்துத்தான் எழுவார். 5 அங்குலத்தில் உள்ள முன்சட்டம் குதிகாலில் இடிக்கும்.

செந்தூல்காரன்:
கீழ்முனைதான் ஐயா, கழுந்தைத் தொடவில்லை. சட்டத்தை யோசிக்கவில்லை. முன்சட்டத்தை எடுத்துவிட்டு, நடுவில் நீளவாக்கில் ஒரே சட்டமாக, இரண்டு பக்கக் குறுக்குச் சட்டங்களையும் இணைத்துப் போடலாமா?

இழைப்புளி:
போடலாம். கழுந்தை ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் உள்ளே விடுங்கள். அறுப்பதற்கு முன் வரைபடத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.