நகரத்தின் முகம் தெரிய எதிர்க்கரையில் நிற்க வேண்டும்

வட, தென் அமெரிக்க நகரங்களைப் படமெடுக்கப் போகும் நம்மவர்கள் பலரும் முதலில் டிக்கெட் எடுப்பது அந்த ஊரின் மிக உயரமான கட்டடத்துக்குத்தான். ஏறலாம், தவறில்லை. ஆனால் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் உச்சியிலிருந்து எடுக்கும் நியூயார்க் படத்தில் எம்பயர் ஸ்டேட் கட்டடம் மட்டும் இருக்காது. 1931 முதல் அந்த ஊருக்கு அடையாளமாக நிற்பதே அதுதான்! ராக்ஃபெல்லர் மையத்தின் 70ஆவது தளத்தில் நின்றால் அது நேரெதிரே தெரியும் என்பது உண்மை. ஆனால் அங்கே கூட்டம் அதிகம், டிரைபாட் வைக்கவும் அனுமதி கிடையாது. ஹட்சன் ஆற்றைத் தாண்டி ஹோபோக்கன் கரைக்குப் போய்விடுங்கள். மாலை வெயில் முழுவதும் மன்ஹாட்டனின் முகத்தில் விழும். அங்கே நிற்க டிக்கெட்டும் வேண்டாம்.

எங்கே நிற்பது என்பதை எனக்கு வழிகாட்டி நூல்களைவிட அந்தந்த ஊர்க்காரர்களே நன்றாகச் சொல்லியிருக்கிறார்கள். சிகாகோவில் அப்படி ஒரு பெரியவர். ஆட்லர் கோளரங்கம் மிச்சிகன் ஏரிக்குள் நீண்டிருக்கும் நிலமுனையில் இருக்கிறது. அங்கே கற்படியில் அமர்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நான் மாலையில் டிரைபாடை விரிப்பதைப் பார்த்துவிட்டு, "இப்போது எடுத்தால் கட்டடங்களின் நிழலுருவம்தான் கிடைக்கும். முகம் வேண்டுமென்றால் விடிவதற்கு முன்பே வந்துவிடுங்கள், சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் ஏரியிலிருந்து எழும்" என்றார். மறுநாள் அப்படியே போனேன். முதல் ஒளி தரையில் விழாமல் கோபுரங்களின் தலையில் விழுந்து, தளம் தளமாக இறங்கியது.

அந்த ஒளியில் இடப்பக்கம் கறுப்பாக உயர்ந்து நிற்பது வில்லிஸ் கோபுரம். சியர்ஸ் கோபுரம் என்பது பழைய பெயர். 442 மீட்டர், 110 தளங்கள். அதன் கட்டமைப்பை வகுத்தவர் டாக்காவில் பிறந்த பொறியாளர் பஸ்லுர் ரஹ்மான் கான். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டி நிறுத்தியதுபோல அதை வடிவமைத்தார். காற்றின் தள்ளுவிசையை ஒன்பதும் சேர்ந்து தாங்குகின்றன. தொலைவில் இருப்பதை அருகே காட்டும் நீளமான லென்ஸில் பார்த்தால் இது அப்படியே புரியும்: 50ஆவது தளத்தில் இரண்டு குழாய்கள் நின்றுவிடுகின்றன, 66இல் இன்னும் இரண்டு, 90இல் மூன்று, மீதி இரண்டு மட்டும் உச்சிவரை போகின்றன. காலை வெயில் பக்கவாட்டில் படும்போது அந்தப் படிகள் ஒவ்வொன்றும் தன் நிழலோடு பிரிந்து தெரிந்தன. அதே ஊரில் முன்பு ஜான் ஹான்காக் என்ற பெயரில் இருந்த கட்டடமும் அவர் கைவண்ணம். சிகாகோவின் வான்கோட்டில் பாதிப் பெருமை அவருக்குரியது என்றுதான் நான் சொல்வேன்.

இன்னொரு தகவலும் அந்தப் பெரியவர் சொன்னதுதான். வசந்த காலத்திலும் இலையுதிர் காலத்திலும் பறவைகள் வலசை போகும் வாரங்களில், இரவு 11 மணிக்குப் பிறகு பல கோபுரங்கள் அலங்கார விளக்குகளை அணைத்துவிடும். வெளிச்சத்தால் வழி தடுமாறும் பறவைகள் கண்ணாடியில் மோதி விழுகின்றன. 2023 அக்டோபரில், ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் அந்த ஏரிக்கரையின் மாநாட்டு மண்டபத்தில் மோதி இறந்தன. நள்ளிரவுப் படத்துக்காகக் காத்திருந்து கோபுரங்கள் இருட்டாக இருந்தால் வருந்தாதீர்கள். அந்த இருட்டு நல்ல காரியத்துக்கானது.

டொரண்டோவில் வழி சொன்னவர் நம் தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஸ்கார்பரோவில் குடியிருக்கும் ஒரு ஐயா, நகரத்துக்கு எதிரே ஏரியில் இருக்கும் தீவுகளுக்குக் குடும்பத்தோடு போகப் படகுத்துறையில் வரிசையில் நின்றார். என் கேமராவைப் பார்த்துவிட்டு, "தம்பி, கூட்டமெல்லாம் சென்டர் தீவுக்குப் போகும். நீங்கள் வார்ட்ஸ் தீவுப் படகில் ஏறுங்கள்" என்றார். கோடையில் சூரியன் வடமேற்கே மறைவதால், அந்தக் கரையிலிருந்து பார்த்தால் நகரத்துக்குப் பின்னால்தான் வானம் சிவக்கிறது. 553 மீட்டர் சி.என். கோபுரம் இடப்பக்கம் தனித்து நிற்க, துறைமுக நீரில் அதன் விளக்கு நீளமாக விழுகிறது. கடைசிப் படகின் நேரத்தை மட்டும் முன்பே பார்த்து வையுங்கள்.

ரியோவில் கிறிஸ்து சிலையின் காலடியில் எல்லோரும் தரையில் மல்லாந்து படுத்துப் படமெடுக்கிறார்கள், 30 மீட்டர் உருவம் படச்சட்டத்துக்குள் அடங்க வேண்டுமே! சுகர்லோஃப் குன்றுக்குக் கேபிள் காரில் போனால் மேற்கே மலையுச்சியில் அது கைவிரித்து நிற்பதையும், கீழே விரிகுடாவையும் ஒரே படத்தில் எடுக்கலாம்.

ஆனால் என் மனத்தில் முதலிடம் பொலிவியாவின் லா பாஸுக்குத்தான். ஏறத்தாழ 3,600 மீட்டர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கில் அந்த நகரம். அதன் மேல்விளிம்பில், 4,000 மீட்டருக்கும் மேலே எல் ஆல்டோ என்ற இன்னொரு நகரம். 2014 முதல் இரண்டையும் கேபிள் கார் இணைக்கிறது. அங்குள்ளவர்களுக்கு அது நம் டவுன் பஸ் போலத்தான், வேலைக்கும் சந்தைக்கும் அதில்தான் போகிறார்கள். மாலையில் மஞ்சள் தடத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். எதிரே 6,438 மீட்டர் இல்லிமானி மலையின் பனி இளஞ்சிவப்பாக மாறத் தொடங்கியது. பின்னாலிருந்து வந்த வெயிலில் என் வெள்ளைச் சட்டை கண்ணாடியில் அப்படியே பிரதிபலித்து மலையை மறைத்தது. நான் கையால் மறைத்துப் பார்ப்பதை எதிர் இருக்கையில், அடுக்குப் பாவாடையும் வட்டத் தொப்பியுமாக அமர்ந்திருந்த அம்மா கவனித்தார். ஒரு வார்த்தையும் பேசாமல் தம் கரும்பழுப்புக் கம்பளிச் சால்வையைக் கழற்றி, லென்ஸைச் சுற்றிக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். பிரதிபலிப்பு மறைந்தது. செங்கல் வீடுகள் சரிவெங்கும் இறங்க, மேலே மலை முழுதாகக் கிடைத்தது. படத்தைத் திரையில் காட்டியதும் தம் வீடு இருக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். அன்று முதல் என் பையில் ஒரு கறுப்புத் துணி இருக்கிறது.

அடுத்து சிலி நாட்டின் சாண்டியாகோ போகிறேன். அங்கே குளிர்காலத்தில் நகரத்தின் மேல் புகைமூட்டம் தேங்கும். மழை அதைக் கழுவிவிட்டால் கிரான் டோரே என்ற 300 மீட்டர் கோபுரத்துக்குப் பின்னால் ஆண்டிஸ் பனிமலை சுவராக எழும். சான் கிறிஸ்டோபால் குன்று எல்லோருக்கும் தெரிந்த இடம். மழை விட்ட மறுநாள் அங்கே இருந்தவர்கள் யாராவது, வேறு எங்கே நிற்கலாம் என்று சொன்னால் நன்றியுடன் கேட்டுக்கொள்வேன்.