பழைய தோட்டப் பள்ளியை என்ன செய்வது?

நிபோங் திபால் மாமா: காலையில் நம்ம எஸ்டேட்டில் பூட்டிக் கிடக்கிற பழைய பள்ளிப் பக்கம் போயிருந்தேன், போட்டோ போட்டிருக்கிறேன் பாருங்கள். நாலாம் வகுப்பில் உர மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். கூரைத் தகரம் மூன்று இடத்தில் பெயர்ந்து, மழைத் தண்ணீர் நேராகப் பலகையில் இறங்குகிறது.

பினாங்கு அக்கா: ஐயோ மாமா. பள்ளி டவுனுக்கு மாறின பிறகும் அங்கேதானே பாலர் பள்ளி நடந்தது, அப்புறம் தேவார வகுப்பு, திருவிழாவுக்கு வருகிறவர்கள் தங்குவதும் அங்கேதான். ஆள் புழங்கின வரைக்கும் கரையான் ஏறவில்லை, பூட்டினதும் ஏறிவிட்டது.

ஈப்போ தம்பி: பறவைக்கூடு வளர்க்க, அதாவது சூப்புக்கு விற்கும் கூட்டுக்காக உள்ளே உழவாரக் குருவிகளைக் குடியேற்ற, ஒருத்தர் அந்தக் கட்டடத்தை வாடகைக்குக் கேட்கிறாராம். பணம் வருமே, கூரையையும் மாற்றிவிடலாம்.

பினாங்கு அக்கா: வேண்டாம் தம்பி. சன்னலையெல்லாம் அடைத்து உள்ளே இருட்டாக்கி, ராத்திரி பகல் பாராமல் குருவிச் சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவார்கள். எச்சம் விழுந்த இடத்தில் பிறகு பிள்ளைகளை உட்கார வைக்க முடியுமா? ஃபார்குவார் சாலையில் பாருங்கள், பினாங்கு ஃபிரீ ஸ்கூல் 1928இல் கிரீன் லேனுக்குப் போனது, பழைய கட்டடத்தில் வேறு பள்ளி நடந்தது, போரில் குண்டு விழுந்து பாதி போயும் மிச்சத்தை 1965இல் அருங்காட்சியகம் ஆக்கினார்கள். நாம் அவ்வளவு பெரிதாகக் கேட்கவில்லை, சாயங்கால டியூஷனும் ஒரு சின்ன நூலகமும் போதும்.

கோலாலம்பூர் அண்ணன்: அதெல்லாம் சரி, நிலம் யாருடையது? அந்தக் காலத்து 1923 தொழிலாளர் சட்டப்படி பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டியிருந்தது, அதனால்தான் பல பள்ளிகள் கம்பெனி நிலத்திலேயே நிற்கின்றன, பள்ளி போனாலும் நிலம் கம்பெனியோடுதான். நில அலுவலகத்தில் கிரான், அதாவது நிலப் பட்டா, யார் பெயரில் என்று முதலில் பார்த்துவிடுவோம். அரசாங்க நிலமாக இருந்து டி.ஓ.எல். என்கிற தற்காலிகக் குடியிருப்பு உரிமம் கிடைத்தாலும் டிசம்பர் 31 வரைக்கும்தான், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். எழுத்தில் எதுவும் இல்லாமல் கூரைக்குக் காசு திரட்டினால், நாளைக்கு இடிக்கச் சொல்லும்போது நம்மால் ஒன்றும் பேச முடியாது.

நிபோங் திபால் மாமா: நீ சொல்வது சரிதான்யா. ஆனால் அதுவரைக்கும் மழை நிற்காதே.

கோலாலம்பூர் அண்ணன்: தார்ப்பாய் போடுவதற்கு மட்டும் மேனேஜரிடம் அனுமதி கேட்டு இன்றைக்கே கடிதம் எழுதித் தருகிறேன் மாமா. நீங்கள் நேரில் கொண்டுபோய்க் கொடுங்கள், ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.

ஈப்போ தம்பி: தார்ப்பாய் என் செலவு. பறவைக்கூட்டுக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிடுகிறேன்.