சிறுகுறிஞ்சான் பொடி நீரிழிவு மாத்திரைக்கு ஈடாகுமா?

கேள்வி:
என் தந்தையார் இரண்டாம் வகை நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் உட்கொண்டு வருகிறார். அண்மையில் நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி, வெறும் வயிற்றில் குடிக்கத் தொடங்கியுள்ளார். மாத்திரைகளைப் படிப்படியாக விட்டுவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்புகிறார். அந்த இலையில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் எது, அதை நம்பி மாத்திரையை விடலாமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
சர்க்கரையைக் குறைப்பதாகச் சொல்லப்படுபவை, அந்த இலையிலுள்ள ஜிம்னீமிக் அமிலங்கள். இலையை மென்றபின் சர்க்கரையை வாயிலிட்டால் இனிப்பே தெரியாமல் போவதற்குக் காரணம், அவை நாவின் இனிப்பு உணரிகளில் ஒட்டிக்கொண்டு சிறிது நேரம் அவற்றைத் தடுத்துவிடுவதுதான். இதைக் கண்டு வியப்பவர்கள், இரத்தத்திலும் அப்படியே நிகழும் என்று எண்ணிவிடுகிறார்கள். குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதை இவ்வமிலங்கள் குறைப்பது விலங்காய்வுகளில் காணப்பட்டுள்ளது. மனிதர்களைப் பொறுத்தவரை, சென்னை ஆய்வாளர்கள் 1990-இல் வெளியிட்ட ஆய்வே இன்றும் அதிகம் எடுத்துக்காட்டப்படுகிறது: வழக்கமான மாத்திரைகளுடன் நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் இலைச்சத்தை ஒன்றரை ஆண்டுக்கு மேல் உட்கொண்ட 22 பேரில், ஐவரால் மாத்திரையை முழுவதும் நிறுத்த முடிந்தது. மற்ற 17 பேருக்கு மாத்திரை தேவைப்பட்டதைப் பொடி விற்பவர்கள் சொல்வதில்லை. மேலும், அங்கே கொடுக்கப்பட்டது அளவு வரையறுத்த சத்து; கடைப் பொடியில் அமிலம் எவ்வளவு இருக்கும் என்பது இலைக்கு இலை மாறுபடும்.

மறுமொழி 2:
செடியா, மாத்திரையா என்று எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை. மெட்ஃபார்மினின் வேரே ஒரு செடியில்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் கலேகா அஃபிசினாலிஸ் செடியிலுள்ள கலேஜின் என்னும் பொருள் சர்க்கரையைக் குறைத்தது. ஆனால் நச்சுத்தன்மை மிகுதி. கலேஜினைப் போலவே குவானிடின் என்னும் வேதிப்பொருள் குடும்பத்தைச் சேர்ந்த மெட்ஃபார்மின் 1922-இல் ஆய்வகத்தில் உருவாக்கப்பட்டு, நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தபின், 1957-இல் பிரெஞ்சு மருத்துவர் ழான் ஸ்டெர்னின் ஆய்வால் நீரிழிவு மருந்தாயிற்று. இன்னோர் எடுத்துக்காட்டு: ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து 1835-இல் பிரித்தெடுக்கப்பட்ட ஃப்ளோரிசின் என்னும் பொருள், சிறுநீர் வழியே குளுக்கோஸை வெளியேற்றும். வாய்வழி உட்கொண்டால் குடலிலேயே சிதைந்துவிடுவதால் அது நேரடியாக மருந்தாகவில்லை. அதன் அமைப்பை மாற்றியே டாபாகிளிஃப்ளோசின் போன்ற நீரிழிவு மருந்துகளை உருவாக்கினார்கள்.

மறுமொழி 3:
இங்கே நான் அஞ்சுவது கிளிமெபிரைடைப் பற்றித்தான். அது கணையத்திலிருந்து இன்சுலினைச் சுரக்க வைப்பது. அதனுடன் சர்க்கரையைக் குறைக்கும் வேறொன்றும் சேர்ந்தால், வெறும் வயிற்றில் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து, வியர்வை, நடுக்கம், மனக்குழப்பம் ஏற்படலாம். வெந்தயத்தை உணவில் சேர்ப்பதைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படமாட்டேன். அதன் நார்ச்சத்து முக்கியமாக மாவுச்சத்தின் செரிமானத்தை மெதுவாக்குகிறது. தந்தையார் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். மருத்துவரிடம் பேசும்வரை பொடியை நிறுத்திவைத்து, அதை அவரிடம் காட்டுங்கள். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், பொடி குடித்த நாள்களின் அளவுகளையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.