பிளாண்ட் (பொன்னிற) முடிக்கு ஸ்ட்ரெய்ட்னர் போடுபவர்கள், உங்கள் அனுபவம் எப்படி?

கத்தரிக்கோல்காரி, லண்டன்:

சலூனில் வேலை பார்க்கிறேன், வருகிறவர்களில் நிறையப் பேருக்கு பிளாண்ட் முடிதான், சிலருக்குப் பிறவியிலேயே, பலருக்கு ப்ளீச்சில் வந்தது. சமீபத்தில் ஒரு பெண் வந்தார். தோள் வரை நன்றாக வெளுத்த முடி, ஆனால் நெற்றியோரம் இரண்டு கற்றை மட்டும் மஞ்சளடித்துக் கிடந்தது. நுனியை நனைத்து லேசாக இழுத்தேன், ரப்பர் போல நீண்டுகொண்டே போய் அறுந்து கையோடு வந்துவிட்டது. "சூட்டிலிருந்து முடியைக் காக்கும் ஸ்பிரே அடிக்காமல் ஸ்ட்ரெய்ட்னரைத் தொடவே மாட்டேன்" என்கிறார். எத்தனை டிகிரியில் வைப்பீர்கள் என்று கேட்டேன். 230! அதுவும் ஸ்பிரே ஈரம் காயும் முன்னாலேயே. சுர்ரென்று புகை வருமாம், ஸ்பிரே வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வாராம்.

அந்த ஸ்பிரேயில் இருப்பது பெரும்பாலும் சிலிக்கோனும் பாலிமரும். முடி மேல் மெல்லிய படலமாகப் படிந்து, சூடு உள்ளே இறங்குவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான், 230-ஐ அது 150 ஆக்கிவிடாது. ப்ளீச் போட்ட முடியின் நிலைமையோ ஏற்கெனவே மோசம். ப்ளீச்சில் இருக்கும் பெராக்சைடு நிறமியை மட்டும் அழிப்பதில்லை, முடியின் புரதமான கெரட்டினைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகளையும் உடைக்கிறது, மேல் செதில்களும் தூக்கிக்கொண்டு நிற்பதால் தண்ணீரை மளமளவென்று உறிஞ்சும். அந்த ஈரத்தோடு சூடான தகட்டுக்கு நடுவில் பிடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழி கட்டும். இதற்கு பபுள் ஹேர் என்றே பெயர். ஈர முடியில் சுருட்டும் இடுக்கியை 125 டிகிரியில் ஒரு நிமிடம் வைத்தாலே வந்துவிடும், குமிழி வந்த இடத்தில் முடி பட்டென்று ஒடியும்.

நான் செய்வது: நன்றாகக் காய வைத்த பிறகே ஸ்ட்ரெய்ட்னர், 150-இல் தொடங்குவேன், 180-ஐத் தாண்ட மாட்டேன், மெல்லிய கற்றையாகப் பிரித்து மெதுவாக ஒரே இழுப்பு. ஒரே இடத்தில் ஐந்து முறை தேய்ப்பதுதான் கெடுதல்.

அடையாறு சுருட்டை:

அக்கா, நம் கருப்பு முடியை பிளாண்ட் ஆக்க ஒரு தடவை ப்ளீச் போதாது, இரண்டு மூன்று சுற்று போகும், அதனால் நமக்கு அடி இன்னும் பலம். எனக்கு இங்கே ஒரு பார்லரில், அயர்ன் பண்ணும் முன் தேங்காய் எண்ணெய் தடவினால் முடி பத்திரம் என்று அடித்துச் சொன்னார்கள். வீட்டில் எண்ணெயைத் தடவிவிட்டு ஸ்ட்ரெய்ட்னரை எடுத்ததைப் பார்த்த அம்மா, "என்னடி, தாளிக்கப் போறியா?" என்றார். அதோடு சரி. தேங்காய் எண்ணெய் நல்லதுதான், முடிக்குள் இறங்கிப் புரதம் வெளியேறுவதைக் குறைக்கும், ஆனால் அது தலைக்குக் குளிப்பதற்கு முந்தைய இரவுக்கு.

அப்புறம் பர்பிள் ஷாம்பூ. ஊதா மஞ்சளை மறைக்கும், கருகியதைச் சரிசெய்யாது. அதிக நேரம் ஊற விட்டால் கத்தரிப்பூ நிறத்தில் வெளியே வர வேண்டியதுதான்.

ஓஸ்லோ மருமகள்:

என் மாமியார் நார்வேக்காரர், பிறவி பிளாண்ட், இழை அவ்வளவு மெல்லிசு. சூடே காட்டுவதில்லை. முக்கால்வாசி காய்ந்த முடியைக் குளியல் அங்கியின் துணி பெல்ட்டில் சுற்றிக்கொண்டு தூங்கிவிடுவார், காலையில் அவிழ்த்தால் அலை அலையாக விழும். என் முடிக்கு அது மத்தியானம் வரைகூட நிற்கவில்லை, அவருக்கு நிற்கிறது. ஆமாம், டிகிரி காட்டாத, வெறும் ஆன் ஆஃப் பட்டன் மட்டும் உள்ள ஸ்ட்ரெய்ட்னருக்கு என்ன செய்வது?

கத்தரிக்கோல்காரி, லண்டன்:

பிளாண்ட் முடிக்கு அது வேண்டவே வேண்டாம். 1870-களில் பாரிஸில் மார்செல் கிராட்டோ என்ற சிகையலங்காரக்காரர் பிரபலமாக்கிய அலைச் சுருளுக்கு இடுக்கியை நெருப்பில்தான் காய்ச்சுவார்கள், டிகிரி பார்க்க வழி ஏது? முதலில் ஒரு காகிதத்தைக் கவ்வ வைத்துப் பார்ப்பார்கள், காகிதம் பழுப்பேறினால் ஆற விடுவார்கள். வேறு ஸ்ட்ரெய்ட்னர் வாங்கும் வரை நீங்களும் ஒரு வெள்ளை டிஷ்யூவில் பார்த்துக்கொள்ளுங்கள், ஆனால் டிஷ்யூ கருகவில்லை என்பதற்காக ஈர முடியில் வைத்துவிடாதீர்கள்.