புதுப்பிப்பு: புதுமைப் பெண் ₹1,000 வராத சிக்கல் தீர்ந்தது

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்கு, விண்ணப்பம் ஏற்கப்பட்டும் புதுமைப் பெண் திட்டத்தில் (அரசுப் பள்ளியில் படித்த மாணவிகள் கல்லூரியில் படிக்கத் தமிழக அரசு தரும் மாதம் ₹1,000) நான்கு மாதமாகப் பணம் வரவில்லை.

"ஆதார் லிங்க் வேற, சீடிங் (அரசுப் பணம் எந்த வங்கிக்கு வர வேண்டும் என்று ஆதாரோடு பதிவது) வேற" என்று ஒருவர் சொன்னதுதான் சரி. பாஸ்புக் கணக்கில் ஆதார் கே.ஒய்.சி.க்கு (அடையாளச் சரிபார்ப்புக்கு) மட்டுமே இருந்தது. மைஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' பார்த்தால் வேறொரு வங்கியின் பெயர்! சிம் வாங்கும்போது கைரேகை வைத்துத் திறந்த பேமென்ட்ஸ் பேங்க் கணக்கு. ஆதார் வழியாக வரும் பணம் கடைசியாகச் சீடிங் ஆன வங்கிக்குத்தான் போகும். நான்கு மாதத் தொகையும் அங்கே பத்திரமாகக் கிடந்தது.

பாஸ்புக் இருக்கும் கிளையில் டி.பி.டி. (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவது) சீடிங் படிவம் கொடுத்தோம். அதில் 'வேறு வங்கியிலிருந்து மாற்றம்' என்ற கட்டத்தை டிக் செய்து பழைய வங்கியின் பெயரை எழுத வேண்டும். முதல் தடவை அதை விட்டதால் எதுவும் மாறவில்லை. திருத்திக் கொடுத்த பிறகு 3 வேலை நாளில் மாறியது.

எதிர்பாராதது ஒன்று: அந்தப் பாஸ்புக் கணக்கு, மாணவி மைனராக இருக்கும்போது திறந்தது. 18 நிரம்பியதும் புதுக் கே.ஒய்.சி.யும் கையெழுத்தும் கொடுக்காவிட்டால் முடங்கும். சீடிங்குக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். கல்லூரியில் இத்திட்டத்தைக் கவனிக்கும் நோடல் அலுவலரை விரட்டிப் பயனில்லை, பாவம், அவர் கையில் இது இல்லை.